மச்சம் என்று சொன்னேன்

டோக்கன் பதினாலு உள்ளே போயிருக்கிறது, எங்களுக்கு இருபத்து மூன்று, நடுவில் எட்டுப் பிள்ளைகள், ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிஷம் என்று வைத்தாலும் நாற்பது நிமிஷம், ஊசி என்றால் அழுது அடங்க இன்னும் ஐந்து, அதற்குள் நான் வாயைத் திறந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே போய்த் திறக்க வேண்டும், உள்ளே போனால் அத்தையும் கூட வருவார்கள், திங்கட்கிழமை வந்த மாதிரியே பிளாஸ்கையும் துண்டையும் மடியில் வைத்துக்கொண்டு டாக்டரம்மாவுக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்வார்கள், நான் என் மகள் எப்சியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், டாக்டரம்மா என்னைத்தான் கேட்பார், அத்தையும் என்னைத்தான் பார்ப்பார்கள். திங்கட்கிழமை அப்படித்தான் நடந்தது. டாக்டரம்மா எப்சியின் தொண்டையைப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார், பிறகு ஏதோ தேடுகிற மாதிரி அக்குளைப் பார்த்து, கழுத்து மடிப்பைப் பார்த்து, இடது காதுக்குப் பின்னால் முடியை ஒதுக்கி டார்ச் அடித்தார். "இது என்னம்மா, கறுப்பா?" என்று கேட்டார். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "மச்சம் டாக்டர். பிறந்ததுல இருந்தே இருக்கு" என்று சொன்னேன். அது மச்சம் இல்லை. மை. நான் வைத்த திருஷ்டி மை. இன்று காலை வரை அதை வெறும் மை என்றுதான் நினைத்திருந்தேன்.

இதை எழுதுவது எப்சியின் நாலுகோடு நோட்டில். எல்.கே.ஜி.க்கு வாங்கியது, இரண்டு பக்கம்தான் எழுதியிருக்கிறாள், நேர்கோடும் சாய்கோடும், மீதி எல்லாம் காலி. தமிழ் எழுத்து நாலுகோட்டுக்குள் நிற்காது, என் எழுத்து மேலும் கீழும் வழிகிறது. கான்வென்ட்டில் சிஸ்டர் லியோனில்லா பார்த்திருந்தால் ஸ்கேலால் விரல் முட்டியில் தட்டியிருப்பார். ஆனால் காலையில் நடந்தது காலையிலேயே நிற்கிறது, எழுந்து வர மாட்டேன் என்கிறது, நான்தான் டாக்டரம்மாவின் ஹாலில் இருந்த நாற்காலிக்குத் திரும்பத் திரும்பப் போய் உட்கார வேண்டியிருக்கிறது. எப்சியின் தலை என் இடது தோளில் இருந்தது. சூடு புடவை வழியாக இறங்கி, அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தைத் தோளில் வைத்த மாதிரி இருந்தது. பக்கத்தில் அத்தை கண்ணை மூடி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்கள். எதிர்ச் சுவரில் நோட்டீஸ். திங்கட்கிழமையும் அது அங்கேதான் இருந்திருக்கும், நான் பார்க்கவில்லை. 'உண்ணிக் காய்ச்சல்: அறிவோம், தடுப்போம்.' ஒரு நாயின் படம், ஒரு புதரின் படம், மூன்றாவதாக யாருடைய முதுகோ, அதில் சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவப்பு வளையம். நான் அந்த மூன்றாவது படத்தைப் பார்த்தேன். பிறகு கீழே பார்த்தேன், தரையில் யாரோ பிஸ்கட் சிந்தியிருந்தார்கள், எறும்பு வந்திருந்தது. பிறகு மறுபடி படத்தைப் பார்த்தேன்.

காலையில் ஆறரைக்கு ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தொடங்கிய காய்ச்சல், ஆறாவது நாள், சிரப் கொடுத்தால் இரண்டு மணி நேரம் இறங்கும், மறுபடி ஏறும். உள்ளங்கையில் சிவப்புச் சிவப்பாகப் புள்ளி, முதலில் கொசுக்கடி என்று நினைத்தேன், உள்ளங்கையில் கொசு கடிக்குமா, பாதத்திலும் அதே புள்ளி. காதுக்குப் பின்னால் துடைத்தேன். மை துணியில் வந்தது. கறுப்பு அங்கேயே இருந்தது. இன்னொரு தரம் துடைத்தேன். துணியில் ஒன்றும் வரவில்லை, கறுப்பு இருந்தது. நகத்தால் ஓரத்தைச் சுரண்டினேன், எப்சி வீறிட்டு அழுதாள், அந்த அழுகையில் எனக்குத் தெரிந்துவிட்டது. மைக்கு வலிக்காது. அத்தை அடுக்களையிலிருந்து "என்னட்டி, பிள்ளையப் போட்டுக் கொல்லுத?" என்று கேட்டார்கள். "ஒண்ணுமில்ல அத்தை, தண்ணி சில்லுனு இருக்கு" என்றேன். பொய் என் வாயில் எவ்வளவு சுலபமாக வருகிறது. ஆட்டோவில் வருகிறபோது சொல்லியிருக்கலாம். டோக்கன் வாங்குகிற இடத்தில் சொல்லியிருக்கலாம், அந்தப் பெண் உடனே உள்ளே அனுப்பியிருப்பாள். நான் இருபத்து மூன்றை வாங்கிக்கொண்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்தேன்.

மையில் என்ன தப்பு, ஊரில் எல்லாப் பிள்ளைக்கும் வைக்கிறார்களே என்று கேட்பவர்களுக்கு எங்கள் வீட்டைத் தெரியாது. என் அம்மா வீட்டில் மாதா படத்துக்கு மெழுகுவத்தியும் வைப்போம், பிள்ளைக்குக் கன்னத்தில் பொட்டும் வைப்போம், இரண்டும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டதில்லை. கட்டி வந்த வீடு வேறு. இவர்கள் சபைக்குப் போகிறவர்கள். நகை கிடையாது, பூ கிடையாது, பொட்டு கிடையாது. எப்சி பிறந்து நாற்பத்தோராம் நாள் என் அம்மா வந்து கன்னத்தில் ஒரு மைப்பொட்டு வைத்தாள். அத்தை பிள்ளையை வாங்கி, சேலைத் தலைப்பால் கன்னத்தைத் துடைத்துவிட்டு, "பிள்ளைக்குக் காவல் கர்த்தர் இருக்காரு சம்மந்தி, கரி வேண்டாம்" என்றார்கள். அம்மாவின் முகம் சுண்டிப்போயிற்று. அன்றிலிருந்து நான் காதுக்குப் பின்னால் வைக்கிறேன். முடிக்கு அடியில், யார் கண்ணிலும் படாமல். கண்ணேறு படாமலிருக்க வைக்கிற பொட்டைக் கண்ணில் படாமல் வைத்தால் என்ன பிரயோசனம் என்று எப்சியின் அப்பா சிரித்திருப்பார், தெரிந்திருந்தால், அவருக்கும் நான் சொல்லவில்லை. மூன்றரை வருஷமாகத் தினமும் காலையில் தலை பின்னுகிற சாக்கில் மோதிர விரலில் மை எடுத்து, பார்க்காமலே, தடவிப் பார்த்து ஒரு ஒற்று. மறுநாள் காலையில் விரலில் பழைய மை ஒட்டாது. தலையணையில் ஒட்டிக்கொண்டது என்று நினைப்பேன். தலையணை உறை வெள்ளை, அதில் ஒருநாளும் கறுப்பு இருந்ததில்லை. அதை நான் யோசித்ததே இல்லை.

பதினாறு உள்ளே போனது. ஒரு ஆண்பிள்ளை, மொட்டைத் தலை, சிரித்துக்கொண்டே போனான். எப்சி தோளில் முனகினாள், "சிம்சோன்" என்றாள். அத்தை கண்ணைத் திறந்து, "அந்தச் சவத்த நாய இப்பவும் தேடுதா பாரு" என்றார்கள், குரலில் பிரியம்தான். சிம்சோன் தெரு நாய், உடம்பெல்லாம் சடை, அதனால் எப்சியின் அப்பா வைத்த பெயர், பைபிளில் சிம்சோனுக்கு முடியில்தான் பலம். "எம்மா, இதுக்கு முடி வெட்டிராதீங்க, பலம் போயிரும்" என்பார். அத்தைதான் சோறு வைப்பார்கள், ஞாயிற்றுக்கிழமை எலும்பு. சிம்சோன் வாசற்படிக்குக் கீழே படுத்திருக்கும், எப்சி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு காதில் ரகசியம் சொல்வாள். அதன் காது மடலுக்குள் உண்ணி, சாம்பல் நிறத்தில் கொத்துக் கொத்தாக, நான் பார்த்திருக்கிறேன், அருவருப்பாக இருக்கும், "எப்சி, உள்ள வா" என்று ஒரு தரம் கூப்பிடுவேன். ஒரே ஒரு தரம். அவள் வராவிட்டால் அந்த அரைமணி நேரம் எனக்கு. ஃபோன் பார்க்கலாம், சும்மா படுத்திருக்கலாம். அந்த அரைமணி நேரத்தை இப்போது யாராவது திரும்ப வாங்கிக்கொண்டால் தேவலை.

காய்ச்சல் தொடங்குவதற்கு முந்தின வாரம் வியாழன், வெள்ளி, சனி அத்தை மூன்று நாள் உபவாசக் கூட்டத்துக்குப் போயிருந்தார்கள். வீடு என் வீடாக இருந்தது. அந்த வெள்ளிக்கிழமை காலையில் மை வைக்கிறபோது விரலுக்கு அடியில் சின்ன மேடு தட்டுப்பட்டது. மிளகு அளவு. நேற்று வைத்த மை காய்ந்து கட்டியாகிவிட்டது என்று நினைத்தேன், அதன் மேலேயே ஒரு ஒற்று ஒற்றினேன். சனிக்கிழமை மேடு பெரிதாக இருந்தது, எப்சி "வலிக்கி" என்று தலையை இழுத்தாள், ஸ்கூல் வேன் ஹாரன் அடித்தது, நான் அதன் மேலேயே ஒற்றினேன். சனிக்கிழமை ராத்திரி தலையணையில் ஆமணக்கங்கொட்டை மாதிரி ஒன்று கிடந்தது. சாம்பல் நிறம், முதுகில் மட்டும் கறுப்பு. கால் இருந்தது, அசைந்தது. செருப்பால் அடித்தேன். இவ்வளவு சின்ன உடம்பில் இவ்வளவு ரத்தமா என்று இருந்தது, தரையில் ஒரு ரூபாய் அகலத்துக்குப் படர்ந்தது. அத்தை நாய்க்குச் சோறு வைத்து வைத்து உண்ணியைப் படுக்கை வரைக்கும் கொண்டுவந்துவிட்டார்கள் என்று எனக்குள் எரிச்சல், இதை எப்படிக் குத்திக்காட்டலாம் என்று யோசித்துக்கொண்டே தரையைத் துடைத்தேன். அது யாருடைய ரத்தம் என்று யோசிக்கவில்லை. அதன் முதுகிலிருந்த கறுப்பு என் மை என்று யோசிக்கவில்லை. இரண்டு நாள் என் பிள்ளையின் காதுக்குப் பின்னால் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தது, நான் காலையில் எழுந்து அதற்குப் பொட்டு வைத்திருக்கிறேன்.

எட்டாம் வகுப்பில் நோய்களும் கடத்திகளும் என்று ஒரு அட்டவணை. கொசு, மலேரியா. ஈ, காலரா. எலித் தெள்ளுப்பூச்சி, பிளேக். கடைசி வரி உண்ணி. சிஸ்டர் லியோனில்லா அந்தக் கடைசி வரியைக் கட்டையால் காட்டி, "இது போர்ஷன்ல இல்ல, அடிச்சிருங்க" என்றார். ஸ்கேல் வைத்து நேராக அடித்தேன், என் கோடுதான் வகுப்பிலேயே நேரான கோடு, நோட்டுக்குச் சிவப்பு நட்சத்திரம் கிடைத்தது. சிஸ்டரைச் சொல்லிக் குற்றமில்லை. இன்றைக்கு அந்த நோட்டீஸில் படித்தேன், உண்ணியின் எச்சில் வழியாகக் கிருமி ரத்தத்தில் இறங்கும், ரத்தக் குழாயின் உட்சுவரில் போய்க் குடியிருக்கும், சீக்கிரம் கண்டுபிடித்தால் சாதாரண மாத்திரையில் குணமாகும், தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை. 'தாமதித்தால்' என்பதைக் கறுப்பாக, தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். திங்கள், செவ்வாய், புதன். விரல் விட்டேன். திங்கள் சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் டார்ச் அடித்தார். அவர் இதைத்தான் தேடினார். தேடிக் கண்டுபிடித்தும் விட்டார். நான் இல்லை என்று சொன்னேன்.

முதல் வெள்ளிதோறும் பாவசங்கீர்த்தனம் செய்து வளர்ந்தவள் நான். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் சாமியாரின் காது, இந்தப் பக்கம் என் கிசுகிசுப்பு, அம்மாவிடம் பொய் சொன்னேன் சாமி, இரண்டு தரம், பரிகாரமாக மூன்று அருள்நிறை மந்திரம், முடிந்தது. இவர்கள் சபையில் அப்படி இல்லை. எழுந்து நிற்க வேண்டும், மைக்கைப் பிடிக்க வேண்டும், எல்லார் முன்னாலும் சாட்சி சொல்ல வேண்டும். நான் ஒரு தரமும் எழுந்ததில்லை. அத்தை முழங்கையால் இடிப்பார்கள், நான் தலையைக் குனிந்துகொள்வேன். இன்றைக்குக் காலையில் அந்த ஹாலில் எனக்கு ஒரு கம்பி வலை வேண்டியிருந்தது. டாக்டரம்மாவின் காதில் மட்டும் சொல்லிவிட முடியுமானால். அத்தையைப் பிளாஸ்கில் வெந்நீர் பிடித்துவர அனுப்பிவிட்டால். நம்பர் வருகிற நேரம் பார்த்து பாத்ரூம் போகச் சொன்னால். என் பிள்ளை தோளில் எரிந்துகொண்டிருக்கிறாள், நான் மாமியாரை எங்கே அனுப்பலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். எப்சியின் அப்பாவுக்கு ஃபோன் போட்டேன். ஆரல்வாய்மொழியில் ரிப்பேர் வேலைக்குக் காற்றாலை மேலே ஏறியிருப்பார், ஏறினால் எடுக்க மாட்டார், எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன். பதினெட்டு என்று கூப்பிட்டார்கள்.

அப்போதுதான் எப்சியின் கை என் முதுகிலிருந்து நழுவியது. தூங்கின பிள்ளையின் கை நழுவுவது வேறு, இது வேறு. அத்தை அவள் உள்ளங்கையை எடுத்துப் பார்த்தார்கள், கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள், அவர்களுக்குப் புரை, ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். "ஏட்டி ஜாஸ்லின், இது என்ன புள்ளி?" நான் எப்சியின் தலையைத் தோளில் ஏற்றிப் பிடித்தேன். அத்தை எழுந்தார்கள். டோக்கன் கூப்பிடுகிற பெண்ணிடம் போய், "ஏ தாயி, எங்க பிள்ளைய உள்ள விடு" என்றார்கள். "எத்தனாம் நம்பர் பாட்டி?" "இருவத்து மூணு." "பத்தொம்பதுதான் போகப் போகுது, உக்காருங்க." "நீ ஒண்ணுல இருந்து எண்ணப் படிச்சிருக்க, சந்தோசம். பிள்ளைக்குக் கை தொங்கிட்டு, எண்ணிக்கிட்டே இருப்பியோ?" பத்தொன்பதாம் நம்பர் பிள்ளையின் அப்பா எழுந்து, "நீங்க போங்கம்மா, எங்களுக்குத் தடுப்பூசிதான்" என்றார். அவ்வளவுதான். ஒரு வாக்கியம். நான் ஒரு மணி நேரமாக எழுந்து கேட்காத ஒன்று.

டாக்டரம்மா "காய்ச்சல் இன்னும் விடல்லியாம்மா?" என்றார். அத்தை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்கள். நான் நின்றேன். கம்பி வலை இல்லை. "டாக்டர், அது மச்சம் இல்ல" என்றேன். "எது?" "காதுக்குப் பின்னால. திங்கக்கிழமை நான் பொய் சொன்னேன். அது மை. நான்தான் தெனமும் வைக்கேன். வீட்டுல யாருக்கும் தெரியாது. ஆனா இப்ப மையத் தொடைச்சாலும் கறுப்பு போகல்ல." என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுகிற மாதிரி, மைக்கில் கேட்கிற மாதிரி இருந்தது. டாக்டரம்மா முடியை ஒதுக்கினார், டார்ச் அடித்தார், கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று தொட்டார், உள்ளங்கை, பாதம், கண்ணின் கீழிமை. "வீட்டுல நாய் உண்டா?" "தெரு நாய் டாக்டர்" என்றார்கள் அத்தை, "நான்தான் சோறு வைக்கேன்." டாக்டரம்மா தலையை ஆட்டிக்கொண்டே எழுத ஆரம்பித்தார். "ரெண்டு நாள் முந்தித் தெரிஞ்சிருந்தா நல்லாயிருந்திருக்கும்" என்றார். அதட்டவில்லை. மழை வரும் போலிருக்கிறது என்று சொல்கிற குரல். அந்தக் குரலில் சொன்னதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று இதுவரை எனக்குத் தெரியவில்லை.

அத்தை என்னைப் பார்க்கவில்லை. டாக்டரம்மாவைப் பார்த்துத்தான் பேசினார்கள். "இவ மை வைக்குதது எனக்குத் தெரியும் டாக்டர். பிள்ள பொறந்ததுல இருந்தே தெரியும். ராத்திரி இவ தூங்கின பெறவு நான்தான தொடைச்சி விடுதேன். தாய்க்காரி ஏதோ ஆசைக்கு வைக்கா, எதுக்குச் சண்டைன்னு கேக்கல்ல." பிளாஸ்கின் மூடியைத் திருகித் திறந்து மறுபடி மூடினார்கள். "திங்கக்கிழமை ராத்திரியும் தொடைச்சேன். போகல்ல. எண்ண தொட்டுத் தேய்ச்சேன், போகல்ல. என்னடா இதுன்னு நெனச்சேன். பெறவுதான், இவ ஒங்ககிட்ட மச்சம்னு சொன்னது ஞாபகம் வந்துது. எனக்குத்தான் கண்ணு தெரியல்ல, இத்தன நாளும் மச்சத்தையா மைன்னு தேய்ச்சோம்னு விட்டுட்டேன். பெத்தவ சொல்லுதாளே."

பெத்தவ சொல்லுதாளே. டாக்டரம்மாவிடம் மட்டும்தான் பொய் சொன்னேன் என்று நினைத்திருந்தேன். எங்கள் வீட்டில் அந்தக் கறுப்பை ராத்திரி விரலால் தொட்டு, போகவில்லையே என்று திடுக்கிட்ட ஒரே ஆளை அந்தப் பொய் திருப்பி அனுப்பியிருக்கிறது. நான் மட்டும் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும், உண்மைகூடச் சொல்ல வேண்டாம், அன்று ராத்திரியே அத்தை விளக்கைப் போட்டு என்னை எழுப்பியிருப்பார்கள். 'ஏட்டி, இது என்ன?' என்று கேட்டிருப்பார்கள். நான் எழுந்து பார்த்திருப்பேன். இதைத்தான் இந்த நோட்டில் பக்கம் பக்கமாகச் சுற்றிச் சுற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். எங்கே தொடங்கினாலும் அந்த விளக்கில் வந்து நிற்கிறது, அத்தை போடாத விளக்கு.

இப்போது ராத்திரி மணி இரண்டு. டாக்டரம்மா எழுதி அனுப்பிய பெரிய ஆஸ்பத்திரியின் பிள்ளைகள் வார்டு. மருந்து டிரிப்ஸில் இறங்குகிறது. "பல்லுல கறை விழுமோன்னு இந்த மருந்துக்குப் பழைய பயம் ஒண்ணு உண்டு. கொஞ்ச நாள் குடுத்தா அப்படி ஒண்ணும் ஆகாது" என்று இங்கே இருக்கிற டாக்டர் சொன்னார், கறையாவது விழட்டும், பல்லெல்லாம் கறுத்துப் போகட்டும், சிரிக்க மட்டும் சிரிக்கட்டும். ரத்தத்தில் தட்டணு குறைந்திருக்கிறதாம். "நாளை மறுநாளுக்குள்ள காய்ச்சல் எறங்கணும். எறங்கினா மருந்து கேக்குதுன்னு அர்த்தம்" என்றார். எறங்கலைன்னா என்று நான் கேட்கவில்லை. சாயங்காலம் வந்து சேர்ந்திருந்த எப்சியின் அப்பா கேட்டார். "அத அப்பப் பாப்போம்" என்றார் டாக்டர். எப்சியின் அப்பாவிடம் எல்லாவற்றையும் நான்தான் சொன்னேன், மை, மச்சம், தலையணை, எல்லாம். அவர் எப்சியின் பாதத்தைப் போர்வையால் மூடினார். பிறகு "நீ ஏதாவது சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனார், கீழே பைக் ஸ்டாண்டில் படுத்திருக்கிறார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பன்னிரண்டு மணிக்கு நூற்றி மூன்று. ஒரு மணிக்கு நூற்றி மூன்று. இரண்டுக்குத் தெர்மாமீட்டர் இன்னும் வைக்கவில்லை, வைக்கப் பயமாக இருக்கிறது.

அத்தை கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருக்கிறார்கள். டாக்டரம்மாவின் ரூமிலிருந்து வந்த பிறகு என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தூங்கிவிட்டார்கள் என்று நினைத்து நோட்டை மூடினேன். கீழேயிருந்து குரல் வந்தது. "ஏட்டி. அந்த மைக்கூடு எங்க?" என் பையில்தான் இருந்தது, எறியவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. "பையில இருக்கு அத்தை." பக்கத்துக் கட்டில் பிள்ளை இருமி அடங்கியது. "பிள்ள எந்திரிச்சி வீட்டுக்கு வந்தா, வைக்கணும்னு தோணிச்சின்னா, கன்னத்துல வை. நான் பாக்க வை. நான் ஏசுதேன் வைய்யுதேன், நீ வை." நான் எழுந்து ட்யூப்லைட் பக்கமாக எப்சியின் தலையை மெல்லத் திருப்பினேன். காதுக்குப் பின்னால் முடியை ஒதுக்கி, என் கொண்டை ஊசியைக் கழற்றிக் குத்தி, மறுபடி விழாமல் நிறுத்தினேன். கறுப்பு அங்கே இருந்தது. மிளகு அளவு, சுற்றிலும் சிவப்பு. மூன்றரை வருஷத்தில் முதல் தடவையாக அந்த இடத்தைத் தடவாமல், கண்ணால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். தெர்மாமீட்டரை உதறி அக்குளில் வைத்திருக்கிறேன். ஒரு நிமிஷம் ஆகும். அத்தை கீழேயிருந்து, "எவ்வளவுன்னு சத்தமாச் சொல்லு" என்கிறார்கள்.